அமாவாசை இரவிலும் இணையம் தடுமாறாமல் இருக்க…

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் இரவு ஊஞ்சல் உற்சவம். அந்தக் கூட்டத்தில் செல்போன் இணையம் திணறுவது இயல்புதான். ஒரே செல்போன் கோபுரத்தின் அலைவரிசையை அங்குள்ள எல்லாப் போன்களும் பங்கிட்டாக வேண்டும். கியூஆர் அட்டையை நம்பிக் கடை நடத்துபவர்களுக்கு ஃபைபர் இணைப்பும் இருந்தால் நிம்மதி.

ஃபைபரில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது ஓஎன்டி. அதைப் போன், கணினி, கேமரா எனப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் வருகின்றன. அதில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை. ஃபைபர் ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இணைப்பு தந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள். உடைந்த இழையின் நுனியைக் கையால் தொட வேண்டாம். கண்ணாடித் துணுக்கு தோலில் ஏறிவிடும்.

ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் தடுமாறும்.

பில் போடும் கணினிக்குக் கேபிளே மேல். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் தாங்கும். ரவுட்டரில் கேபிள் செருகும் துளைகள் போதவில்லையா? ஒரு ஸ்விட்ச் வாங்கினால் போதும்.

மின்வெட்டுக்கு மினி யுபிஎஸ் கைகொடுக்கும். பெட்டிக்கு 9 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று அடாப்டரைப் பார்த்து வாங்குங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றிவிடுங்கள்.