மென்பொருள் சோதனையாளருக்கு வேண்டிய திறன்கள்

வங்கிப் பணப் பரிமாற்றம், பேருந்துக் கட்டணம், மருத்துவமனை முன்பதிவு என அன்றாட வேலைகள் பலவும் இன்று மென்பொருளை நம்பியே நடைபெறுகின்றன. ஒரு மென்பொருள் மக்களின் கைக்கு வருமுன் அதிலுள்ள பிழைகளைக் கண்டறிவது சோதனையாளரின் பணியாகும்.

பிழை சிறிதாயினும் இழப்பு பெரிதாகலாம். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. ஏரியன் 4க்காக எழுதப்பட்ட நிரலின் ஒரு பகுதி அதில் அப்படியே பயன்படுத்தப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண், நிரலில் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் அடங்கவில்லை. புதிய பயணப் பாதையைக் கொண்டு அந்நிரலை எவரும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை.

முன்பு சோதனையாளர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தாங்களே சொடுக்கிப் பார்த்தனர். பின்னர், செலினியம் போன்ற தானியக்கக் கருவிகள் அவ்வேலையைச் செய்யத் தொடங்கின. இன்றோ, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சோதனை நிரல்களையே எழுதித் தருகின்றன. அப்படியானால், சோதனையாளருக்கு என்ன வேலை?

ஒரு நீச்சல் குளத்தின் நுழைவுச்சீட்டை எடுத்துக்கொள்வோம். 12 வயதுக்கும் அதற்குக் குறைந்த வயதினருக்கும் அரைக் கட்டணம் என்பது விதி. நிரலாளர் தவறுதலாக, 12 வயதுக்குக் குறைந்தோருக்கு மட்டும் என எழுதிவிடுகிறார். அந்த நிரலை மட்டும் கருவியிடம் கொடுத்தால், 12 வயதுச் சிறுவன் முழுக் கட்டணம் செலுத்துவதே சரியென அது சோதனை எழுதிவிடக்கூடும். சோதனை வெற்றி எனத் திரை காட்டும். பிழையோ அப்படியே இருக்கும். விதியைப் படித்து, 11, 12, 13 என எல்லையில் உள்ள வயதுகளைச் சோதிப்பவரே அப்பிழையைக் கண்டுபிடிப்பார்.

ஆகவே, இத்துறையை நாடுவோர் பைத்தான், ஜாவா போன்ற ஒரு நிரல்மொழியைக் கற்றிருக்க வேண்டும். கருவி எழுதியதை வரி வரியாகச் சரிபார்க்க அது உதவும். விதிகளைக் கருவிக்குத் தெளிவாக எடுத்துரைக்கவும், கண்ட பிழையை நிரலாளருக்குப் படிப்படியாக விளக்கி எழுதவும் மொழித்திறன் தேவை. வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண் போன்ற விவரங்களைக் கருவியில் உள்ளிடாத பொறுப்புணர்வும் இன்றியமையாதது.

நிரல் என்ன செய்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். அது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது சோதனையாளரின் கடமையாகும்.