தேநீர் ஊற்றிக் கொடுத்தவர்கள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள பிள்ளைக்கு,

நீர் போய்வந்த மனநலச் செயலமர்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதையும் வாசித்தேன். ஆனால் கடைசியில், கையெழுத்துக்கு மேலே இடம் போதாமல் நெருக்கி எழுதிய கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு மாணவி உமது அறைக்கு வந்து ‘இனி இருந்து என்ன பிரயோசனம்’ என்று சொன்னால், சாக நினைக்கிறாயா என்று நேரே கேட்கலாமா? கேட்டால், அவள் மனதில் இல்லாத ஒன்றை நீரே கொண்டுபோய் வைத்ததாகிவிடாதா? வளவாளரோ அந்தச் சொல்லை வாயிலேயே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாராம்.

கேட்கலாம் பிள்ளை. கேட்கத்தான் வேண்டும். நியூயோர்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பாடசாலைகளில் 2,342 மாணவர்களை வைத்து மடலின் கூல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2005 இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் கொடுத்த வினாக்கொத்தில் தற்கொலை எண்ணம் பற்றிய வெளிப்படையான கேள்விகள் இருந்தன. மற்றப் பகுதியினருக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து எல்லோரிடமும் விசாரித்தார்கள். அந்தக் கேள்விகளுக்கு முகங்கொடுத்தவர்களிடம் அந்த எண்ணமோ மனவுளைச்சலோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வோடு இருந்தவர்களும் முன்பு முயன்றவர்களும், கேட்கப்படாத தங்கள் போன்றவர்களைவிடச் சற்று ஆறுதலாகவே இருந்தார்கள். விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க மேடையேறுகிறவர் இதையாவது வாசித்துவிட்டு வந்திருக்க வேண்டாமா?

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் தெரியும். எங்கள் நாட்டில் 1998 வரைக்கும் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் சட்டப்படி குற்றவாளி. வீட்டில் அப்படி ஒன்று நடந்தால், ‘தவறுதலாக நடந்தது’ என்று சொல்லித்தான் அயலவருக்கும் பொலிசுக்கும் முகங்கொடுக்க முடிந்தது. எங்கள் தலைமுறை அந்தப் பேச்சையே விழுங்கப் பழகியதில் சட்டத்துக்கும் பங்குண்டு. சட்டத்தை மாற்றிவிட்டார்கள், விழுங்குகிற பழக்கம் மட்டும் பட்டம் பெற்று, பதவி உயர்வு பெற்று, இப்போது வளவாளராக வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் மனதில் வையும். 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற வீதத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அதன்பின் அது பெருமளவு இறங்கியது. பிரசங்கம் செய்து இறக்கியதல்ல. கடும் நச்சுள்ள பூச்சிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்ததே முக்கியமான காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நினைப்புக்கும் செய்கைக்கும் நடுவில் பலருக்கு மிகக் கொஞ்ச நேரமே இருக்கிறது. அந்த நேரம் தீங்கில்லாமல் கழிந்தால் பெரும்பாலானோர் பிழைத்து வாழ்கிறார்கள். ஆகவே உமது அறையில் அந்தப் பிள்ளையோடு நீர் சும்மா இருந்து கதைக்கிற அரை மணித்தியாலத்தை அற்பமாக எண்ண வேண்டாம்.

இனி ஒரு பழைய கதைக்கு வருகிறேன். சாட் வாரா என்ற ஆங்கிலேயக் குருவானவரின் சுயசரிதை, மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த நிலையில் எனக்குக் கிடைத்தது. வேடிக்கையான மனிதர். குருவானவராக இருந்துகொண்டு மறுபிறப்பை நம்பியவர். ‘ஈகிள்’ என்ற சிறுவர் பத்திரிகையில் டான் டேர் என்ற விண்வெளி வீரனின் சித்திரக்கதைக்கு விஞ்ஞான ஆலோசகராகவும் இருந்தார். அந்தப் பகுதியை ஒரே மூச்சில் வாசித்தேன், உமக்கு அது தேவையில்லை. தேவையானது வேறு. 1935 இல் லிங்கன் நகரில் அவர் நடத்திய முதலாவது மரணச் சடங்கு 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. பூப்பெய்தியதை ஏதோ தகாத நோய் என்று எண்ணி, கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லாமல் அவள் உயிரை விட்டிருந்தாள். பிற்காலத்தில் பாலியல் அறிவைப் பற்றி அவர் பத்திரிகைகளில் துணிந்து எழுதியதற்கும், 1953 இல் லண்டனில் சென்ற் ஸ்டீபன் வோல்புறூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்ததற்கும் அந்தச் சடங்கே தூண்டுதல்.

ஆட்கள் வந்தார்கள், எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தார்கள். வாரா ஒருவர், காத்திருப்பவர்களோ பலர். உதவி செய்ய முன்வந்த சாதாரண மனிதர்கள் சிலரை, வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து முறை வரும்வரை கூட இருக்கும்படி விட்டார். கொஞ்சக் காலத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. பலர் தேநீரைக் குடித்து, பக்கத்தில் இருந்தவரோடு கதைத்துவிட்டு, வாராவைப் பார்க்காமலே எழுந்து போனார்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை, அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வேறொருவராக இருந்தால் தேநீர்க்காரரைக் கூப்பிட்டுக் கண்டித்திருப்பார். வாரா 1954 பெப்ரவரியில் தொலைபேசியையே அவர்களிடம் ஒப்படைத்தார். சமாரித்தன்ஸ் அமைப்பு அப்படித்தான் உண்டானது. 1974 இல் ஜோன் டி மெல் அம்மையார் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ அதே வழியில் வந்தது. ஹோட்டன் பிளேஸில் அவர்களுடைய வீடு இருக்கிறது. உமது பயிற்சிக்குரிய மாதிரியைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

நான் ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பல்கலைக்கழகங்களில் இப்போது நடக்கிற பயிற்சிகள் பெரும்பாலும் ஆளை மாறிப் பிடிக்கின்றன என்பது என் கட்சி. பீடாதிபதி கடிதம் அனுப்புகிறார். தகுதிகாண் காலத்தில் இருக்கிற உம்மைப் போன்றவர்கள், பதவி உறுதிப்படுத்தலுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதால், வந்து இருக்கிறீர்கள். எவரிடம் பிள்ளைகள் ஏற்கெனவே போய்க் கதைக்கிறார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. பீற்றர் வைமனும் குழுவினரும் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் 32 பாடசாலைகளில் செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, என் கட்சிக்குச் சாதகமாக இருப்பதாலும்தான். பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அறிவு கூடியது, தன்னம்பிக்கை கூடியது. ஆனால் பயிற்சிக்குப் பிறகு மாணவர்களிடம் போய் உண்மையிலேயே கேட்டவர்கள் யார் என்று பார்த்தால், முன்பே மாணவர்களோடு கதைத்துப் பழகியவர்கள்தான். மற்றவர்கள் கோப்பை அலுமாரியில் வைத்துவிட்டார்கள். முன்பு தற்கொலைக்கு முயன்றிருந்த பிள்ளைகள்தான் பெரியவர்களிடம் வந்து உதவி கேட்கத் தயங்கினார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கே கதவு தட்டும் சத்தம் கேட்காது.

அப்படியென்றால் எங்கள் பல்கலைக்கழகங்களில் யாரிடம் கதைக்கிறார்கள்? விடுதி உப காப்பாளரிடம். இரவு வாசலில் இருக்கிற காவலாளியிடம். நூலகத்தில் புத்தகம் திருப்பி எடுக்கிறவரிடம். பரீட்சைப் பிரிவில் யன்னலுக்கு உட்புறம் இருக்கிற லிகிதரிடம். மகாபொல புலமைப்பரிசுக் காசு இந்த மாதமும் வரவில்லை என்று ஒரு பிள்ளை முதலில் சொல்வது உம்மிடமல்ல, அந்த லிகிதரிடம். அவர் நிமிர்ந்து பார்க்காமல் ‘அடுத்த கிழமை வா’ என்றால் அந்தப் பிள்ளையின் நாள் எப்படி முடியும் என்று நினைத்துப் பாரும். அவருக்குச் செயலமர்வும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று வெளியூர்களிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் விடுதி கிடைக்காமல் இங்கேயும் கொட்டாஞ்சேனையிலும் போர்டிங்கில் இருக்கிறார்கள். ஒரு அறையில் மூன்று கட்டில், ஒரு மேசை. பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, எழும்பவில்லை என்பது முதலில் தெரிவது போர்டிங் அன்ரிக்கு. அவர் பல்கலைக்கழகத்தில் யாரைக் கூப்பிடுவது? ஒரு இலக்கம் கிடையாது. ஊரிலுள்ள தாய்க்குத்தான் அடிப்பார். தாய் பஸ் ஏறி வந்து சேர ஒரு இரவு வேண்டும். முதலாம் ஆண்டில் பதிவு செய்யும்போதே, தங்கியிருக்கிற வீட்டுக்கு ஒரு தாளில் மாணவர் ஆலோசகரின் தொலைபேசி இலக்கத்தை மூன்று மொழியிலும் அடித்துக் கொடுத்தால் என்ன செலவு வரும்? இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, அது பல்கலைக்கழகத்தின் அதிகார எல்லைக்கு வெளியே என்று பதில் வந்தது. பிள்ளை மட்டும் எல்லைக்கு உள்ளேயாம்.

மொழி விடயம் உமக்கே தெரியும், நீளமாகச் சொல்லவில்லை. ஒருவர் அழுவது தன் மொழியில்தான். தமிழ் தெரியாத காவலாளிக்கு நாலு தமிழ் வசனமும், சிங்களம் தடுமாறுகிற உமக்கு நாலு சிங்கள வசனமும் வாய்ப்பாடமாக வரும்வரை பயிற்சி முடிந்தது என்று சான்றிதழ் கொடுக்கக் கூடாது. ‘இரு, தண்ணீர் குடி, நான் போகமாட்டேன்’ என்பதைச் சொல்லப் பெரிய இலக்கணம் வேண்டாம்.

சாதாரண ஆட்களை இப்படிப் பழக்கியவர்கள் முன்பும் இருந்தார்கள். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர்களை விரல்விட்டு எண்ணலாம். துன்பப்பட்டவர்களை எண்ண முடியாது. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் வைத்தியர் சிவயோகனும் அப்போது சமூக மட்டத்தில் வேலை செய்பவர்களுக்கென்று தமிழிலேயே கைநூல் தயாரித்து, ஆட்களைப் பழக்கினார்கள். நோயாளி ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார், தலையிடி என்பார், நித்திரை இல்லை என்பார், நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்பார் என்பதை அந்த மரபில் வந்தவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. உமது செயலமர்வில் காட்டிய அறிகுறிப் பட்டியல் எந்த நாட்டிலிருந்து இறக்கியதோ, அதில் தலையிடி இருந்ததா?

சரி, உமது அறைக்கு வந்த அந்த மாணவியிடம் கேட்டாயிற்று, ‘ஓம் சேர், யோசிக்கிறேன்’ என்று பதிலும் வந்தாயிற்று. பிறகு? நீர் வைத்தியராகப் போக வேண்டாம். இந்த ஆபத்திலும் பலர் விழுகிறார்கள்: ஒரு பிள்ளை அழுததும் தாங்களே அவளை மீட்கப் பிறந்தவர்கள் என்று நினைத்து, நடுச்சாமத்தில் செய்தி அனுப்பி, மாணவியைத் தனியே சந்தித்து, கடைசியில் யார் யாருக்குத் துணை என்றே தெரியாத நிலைக்கு வருவார்கள். அறைக் கதவைத் திறந்து வையும். ‘ஒருவருக்கும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் பண்ண வேண்டாம். உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லத்தான் வேண்டிவரும் என்று முதலே சொல்லிவிடும். தனியே விட வேண்டாம். மாணவர் ஆலோசகரிடமோ பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்கோ துண்டெழுதிக் கொடுத்து அனுப்பாமல், நீரே கூட நடந்து போம். இரவென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. அந்த நிறுவனம் அங்கொடையில் இருப்பதால் ‘அங்கொடைக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா’ என்று பிள்ளை முறைக்கலாம். நாங்கள் பகிடிக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த வெட்கம் அது. அதற்குக் கோபிக்க வேண்டாம்.

உமது கையில் உள்ள அதிகாரத்தையும் மறக்க வேண்டாம். எண்பது வீத வரவு இல்லாததால் பரீட்சைக்கு இருக்க முடியாமற் போகிற மாணவனின் பெயர் யாருக்கு முதலில் தெரியும்? வரவுப் பதிவேடு உமது மேசையில் இருக்கிறது. மூன்றாம் கிழமையே வெற்றுக் கட்டங்கள் தெரியத் தொடங்கும். பருவ முடிவில் பட்டியல் போட்டுத் தள்ளுவதற்குப் பதிலாக அந்தக் கிழமையே ஆளைத் தேடினால், பாதிப் பிரச்சினை காசோ, போர்டிங்கோ, ஆங்கில விரிவுரை விளங்காததோ என்று தெரியவரும். வைத்தியச் சான்றிதழை எங்கே, எத்தனை நாளுக்குள் கொடுப்பது என்ற விதி தெரியாமல் ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். விரிவுரையாளருக்கு அந்த விதியைக் கற்றுக்கொடுப்பதும் மனநலப் பயிற்சியே.

இன்னும் ஒன்று, இதை எழுதும்போது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளும். ‘மாணவரின் தாங்குதிறனை வளர்த்தல்’ என்று உமது அட்டவணையில் ஒரு முழு அமர்வு இருந்ததாக எழுதினீர். பகிடிவதைக்கு எத்தனை நிமிடம்? 1997 இல் பேராதனைப் பொறியியற் பீடத்தில் வரப்பிரகாஷ் என்ற எங்கள் பிள்ளை, உடல் தாங்காத அளவுக்கு வதைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து செத்தான். அடுத்த வருடம் பகிடிவதையைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பகிடிவதை நிற்கவில்லை. அவனிடம் தாங்குதிறன் இல்லாமலா போனது? புதுமுக மாணவர்கள் வரிசையாகத் தலைகுனிந்து போவதைப் பார்த்தும் காணாததுபோல் விரிவுரை மண்டபத்துக்குள் நுழைகிற ஆசிரியருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து என்ன காணப்போகிறோம்?

இரண்டாம் கட்டச் செயலமர்வு அடுத்த மாதம் என்று எழுதியிருந்தீர். போம், போகாமல் விட வேண்டாம். போய், பரீட்சைப் பிரிவிலிருந்தும் விடுதியிலிருந்தும் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எழும்பிக் கேளும். பதிலை எனக்கு எழுதும். கூல்டின் கட்டுரையைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு பிரதி: ஒன்று உமக்கு, மற்றதை அந்த வளவாளரிடம் கொடுத்துவிடும். சனிக்கிழமை பின்னேரம் வந்தால் கையோடு தரலாம். வாராவின் புத்தகத்தை இரவல் தரமாட்டேன், இங்கேயே இருந்து வாசிக்கலாம்.

அன்புடன்,
உமது பழைய ஆசிரியர்