‘ஈடுசெய்’ எங்கே பொருந்தும்?

கேள்வி: மாணவி ஒருத்தி கட்டுரையில், ‘கள்ளச்சாராயத்தால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்து இழப்பை ஈடுசெய்தது’ என்று எழுதியிருக்கிறாள். மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வரவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. இந்த வினைச்சொல் இங்கே சரியா?
– தமிழாசிரியை, கருணாபுரம்

பதில்: மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், அம்மா. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. வினைச்சொல்லை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

‘சுடு’ என்பது ‘சூடு’ ஆவதுபோல ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆகும். போன ஒன்றின் இடத்தில் அதே மதிப்புள்ள இன்னொன்றை இடுவதுதான் ஈடுசெய்வது. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்குவதும் அந்தக் கணக்கில்தான். நெல்லில் விட்டதை மரவள்ளியில் ஈடுகட்டினேன் என்று உங்கள் பக்கத்து விவசாயி சொன்னால் அது பொருந்தும். இரண்டுமே காசில் அளக்கக்கூடியவை. பேச்சில் ‘ஈடுகட்டு’, எழுத்தில் ‘ஈடுசெய்’, அவ்வளவே வேறுபாடு. ‘ஈடுகொடு’ மட்டும் தனி: அது எதிர்நின்று சமாளிப்பது.

திருப்பித் தருவதற்குத் தமிழில் வினைகளுக்குப் பஞ்சமில்லை. கடனை அடைக்கிறோம், தவணையைக் கட்டுகிறோம், அடகு நகையை மீட்கிறோம், வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்கிறோம். எல்லாவற்றிலும் அத்துடன் கணக்கு நேராகிவிடுகிறது.

2024 ஜூனில் உங்கள் ஊரில் நடந்தது அப்படி நேராகும் கணக்கா? மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50,000 ரூபாய், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. சாலை விபத்து வழக்கில் தீர்ப்பாயம் இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துத் தொகையைக் கணக்கிடும், அது இழப்பீடு. கருணாபுரத்தில் மூன்று பிள்ளைகளின் தகப்பனானாலும் தனியாள் ஆனாலும் ஒரே தொகைதான். அது நிவாரணம். நிவாரணத்தை வழங்குவார்கள், அதைக் கொண்டு எதையும் ஈடுசெய்துவிட்டதாகச் சொல்வது, அந்தக் குடும்பங்கள் இனி எதையும் கேட்க வேண்டியதில்லை என்று சொல்வதாகிவிடும். கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. வழக்கையே 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது.

‘அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கியது’ என்று எழுதினால் போதும். இரங்கல் செய்திகளில் தேய்ந்துபோன ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்ற தொடரை அவள் பயன்படுத்த விரும்பினால் தடுக்காதீர்கள். அவளுடைய கட்டுரையில் அதற்கு முழுப் பொருள் உண்டு.