பேஸ்பால் பந்தயமா? முதலில் எண்களைப் படியுங்கள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒரு சீசனில் அணிக்கு 162 ஆட்டங்கள். 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அங்கே பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படியே நடக்கிறது. இந்தியாவிலோ பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே இங்கிருப்பவர்கள் ஆட்டத்தை ரசிக்க மட்டும் இக்குறிப்புகளை வைத்துக்கொள்ளலாம்.

1. அணியின் பெயரைப் பார்க்கும் முன் அன்றைய தொடக்கப் பிட்சர் (பந்து வீசுபவர்) யார் என்று பாருங்கள். பெரும்பாலான அணிகளில் ஐந்து பேர் முறை வைத்து வீசுகிறார்கள். பிட்சர் மாறினால் பந்தய விலையும் மாறிவிடும்.

2. பிட்சரின் வெற்றி தோல்விக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராமுக்கு 10 வெற்றி, 9 தோல்வி. ஆனால் ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, 9 இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி (இ.ஆர்.ஏ.) வெறும் 1.70. சொந்த அணி ரன் எடுத்துத் தராவிட்டால் பிட்சர் என்ன செய்வார்? அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே கிடைத்தது.

3. இ.ஆர்.ஏ.வையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஃபீல்டர்களின் திறமையும் அதிர்ஷ்டமும் அதில் கலந்திருக்கும். பிட்சரின் கையில் இருப்பவை முக்கியமாக மூன்று: ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை அடிக்கவிடாமல் வெளியேற்றுவது), வாக் (தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது), ஹோம் ரன் (அடித்த பந்து வேலிக்கு வெளியே போவது). இவற்றைக் கொண்டு போடும் கணக்குக்கு எஃப்.ஐ.பி. என்று பெயர். ஒருவருக்கு இ.ஆர்.ஏ. 2.50, எஃப்.ஐ.பி. 4.20 என்றிருந்தால் உஷாராகுங்கள். ஹோம் ரன் நீங்கலாக, பேட்டர் அடித்து மைதானத்துக்குள் போகும் பந்துகளில் லீக் முழுவதும் சுமார் 30 சதவீதம் ஹிட் ஆகும், அதாவது பேட்டர் பேஸை அடைவார். இவருக்கு மட்டும் அது 22 சதவீதமாக இருந்தால், பந்துகள் ஃபீல்டர்களின் கைக்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சீசன் முழுக்க அப்படிப் போகாது. ஏப்ரல், மே மாதங்களில் முதலில் பார்க்க வேண்டியது இ.ஆர்.ஏ.வுக்கும் எஃப்.ஐ.பி.க்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

4. பேட்டரைப் பொறுத்தவரை ஹிட் சராசரியைவிட, எத்தனை சதவீத முறை பேஸுக்குப் போய்ச் சேர்கிறார் என்பது முக்கியம். எதிரே வீசுபவர் இடக்கையா வலக்கையா என்பதையும் பொருத்திப் பாருங்கள். 'இந்தப் பிட்சரை இவர் 12 முறை சந்தித்து 5 ஹிட் அடித்தார்' என்ற வகைப் புள்ளிவிவரம் கேட்க நன்றாக இருக்கும். 12 முறையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

5. மைதானத்தை மறக்காதீர்கள். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு. அடித்த பந்து தூரம் போகும், வீசும் பந்து வளைவதும் குறையும். பந்து அவ்வளவு தூரம் போகாதிருக்க, 2002 முதல் பந்துகளை ஈரப்பத அறையில் வைத்து எடுக்கிறார்கள். அப்போதும் ரன் கொட்டுகிறது. அங்கே ஆடும் சொந்த அணியான கொலராடோ ராக்கீஸ் பேட்டர்களின் சொந்த மைதான எண்களையும் வெளியூர் எண்களையும் தனித்தனியாகவே படியுங்கள்.

6. முந்தைய இரண்டு நாள்களில் மாற்றுப் பிட்சர்கள் யார் யார் எவ்வளவு வீசினார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள்; நிறைய வீசியவர்கள் இன்று களைத்திருக்கலாம்.

7. பந்தயம் சட்டப்படி நடக்கும் இடத்தில் இருந்தாலும், செலவுக்கு எடுத்து வைத்த பணத்தில் கை வைக்காதீர்கள். தோற்றதைப் பிடிக்க அடுத்த ஆட்டத்தில் தொகையை இரட்டிப்பாக்கவே கூடாது. 2024-இல் 121 ஆட்டங்களில் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ்கூட 41-இல் வென்றது. இந்த விளையாட்டில் நிச்சயம் என்பதே கிடையாது.

8. விலையைப் பார்க்கும் முன்பே, உங்கள் அணி ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பிறகு விலையைச் சதவீதமாக்குங்கள். –150 என்றால் 100 வெல்ல 150 வைக்க வேண்டும்: 150-ஐ 250-ஆல் வகுக்க 60 சதவீதம். எதிரணிக்கு +130 என்றால் 100 வைத்து 130 வெல்லலாம்: 100-ஐ 230-ஆல் வகுக்க 43.5. இரண்டும் சேர்ந்தால் 103.5, 100-க்கு மேல் இருக்கும் அந்த 3.5-தான் பந்தய நிறுவனத்தின் பங்கு. நீங்கள் எழுதியது 58, விலை சொல்வது 60 என்றால் பணம் போடாமல் ஆட்டத்தை மட்டும் பாருங்கள்.