கொப்பிக்கு வெளியே கொஞ்சம் மண்

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்புக்கு உள்ள மதிப்பு தனியானது. காணியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மாட்டையும் அவிழ்த்து விட்டுத்தான் வரவேண்டியிருந்தது. க.பொ.த. சான்றிதழை மட்டும் ஒரு பையில் வைத்துக் கொண்டுவரலாம். ஆகையால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொடக்கம் உயர்தரம் வரை பிள்ளை ரியூசனுக்கும் கொப்பிக்கும் இடையிலேயே வளர்கிறது. பெற்றோரைக் குறைகூற எமக்கு மனமில்லை.

ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஊரில் இருந்திருந்தால் ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை கற்றிருக்கக்கூடியவை பல. மண்ணைக் கையிற் பிடித்து ஈரம் பார்ப்பது, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவது, அயலவரோடு முறை வைத்து வேலை செய்வது எல்லாம் அப்படி வந்தவையே. ஐந்து வயதில் ஊரைவிட்டு வந்து இருபது வயதில் திரும்பும் பிள்ளைக்குக் காணி கிடைத்தாலும் செய்கை தெரியாமற் போகலாம். பாடசாலையும் அதைக் கற்பிக்காவிட்டால் வேறு யார் கற்பிப்பது?

எமது நாட்டில் இதற்கு முன்பும் ஒரு முயற்சி நடந்தது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. அதில் தொழில்முன்னிலைக் கல்வியும் ஒரு பாடம். ஊரில் உள்ள நெற்செய்கை, மீன்பிடி, மட்பாண்டம், நெசவு போன்ற தொழில் ஒன்றை எடுத்து, அதன் மூலப்பொருள், கருவி, அளவு, வரவு செலவு என்பவற்றைப் பிள்ளைகள் ஆராய வேண்டும். நல்ல எண்ணந்தான். ஆயினும் 1977இல் ஆட்சி மாறியபின் பழைய பரீட்சை முறையே திரும்பி வந்தது. ஆட்சி மாற்றம் மட்டுமே காரணம் என்று நாம் நினைக்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை, பாடசாலைகளிற் கருவிகளும் குறைவு. கமக்காரரின் பிள்ளையைக் கமத்திலேயே கட்டிவைக்கும் படிப்பு இது என்ற ஐயமும் பெற்றோரிடம் இருந்தது. அந்த ஐயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை; நகரத்துப் பிள்ளை வைத்தியராக, எமது பிள்ளை மட்டும் மண்வெட்டி பிடிப்பதா?

எனவே புதிய பாடம் ஒன்றை நாம் கேட்கவில்லை. இருக்கிற கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கிழமையில் ஒரு மணித்தியாலம் முற்றத்துக்குக் கொண்டு வந்தாற் போதும்.

10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில், அடி முதல் வாய்வரை ஒரே அகலமான பால்மாப் பேணி ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். மழை விட்டதும் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளக்கலாம். 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 சதுர மீற்றர் நிலத்துக்கு 1 லீற்றர் தண்ணீர். 10 மில்லிமீற்றர் பெய்தால் இப்பாத்திக்கு ஏறக்குறைய 28 லீற்றர் கிடைத்திருக்கும். அன்று எத்தனை பூவாளித் தண்ணீர் மிச்சம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

விதைக்க முன்னர் 100 நெல்லை ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி வைத்து, ஒரு கிழமையில் முளைத்தவற்றை எண்ணச் சொல்லுங்கள். நூற்றுவீதம் என்றால் என்ன என்பதை அதன்பிறகு கரும்பலகையில் விளக்கத் தேவையில்லை. 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பது பேரனாருக்குத் தெரியும். ஒரு பரப்பு 2,722½ சதுர அடி என்பதைப் பேரன் கணக்குப் பார்த்து அவருக்குச் சொல்லலாம். இப்படிப் பேரனாரும் ஆசிரியராகிறார். முகாமில் வேலையின்றி இருந்த முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அங்கு இருந்தவர்கள் அறிவர்.

வகுப்பிற் கடைசிப் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளை பாத்தி கட்டுவதில் மற்றவர்களுக்கு வழிகாட்டக்கூடும். தனக்கும் ஒன்று வரும் என்று அப்பிள்ளை அறியும் நாள், பெறுபேற்று அட்டையில் எழுதப்படாத நாள்.

எவ்வளவு காலம் இவ்விடத்தில் இருப்போம் என்று தெரியாதவர்கள் முளைக்கீரையில் தொடங்கலாம். ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். பயற்றங்காய்க்கு இரண்டு மாதம் அளவில் வேண்டும். விடுமுறையில் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள், பாடசாலைத் தோட்டங்கள் வாடுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். அயலில் உள்ள இரண்டு மூன்று வீட்டார் முறை வைத்துக்கொள்வது நல்லது. பிடுங்கிய கீரையில் அவர்களுக்கும் ஒரு பிடி போகட்டும். எத்தனை பிடி, யாருக்கு என்பதைப் பிள்ளைகளே ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும்.