முதிய குதிரையும் ஐந்து அதிசாரங்களும்

மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் லாஞ்சனம் குதிரை என்பதை நம் இல்லத்துச் சிறாரும் அறிவர். ஜினாலயத்தில் பகவானின் பீடத்தில் காணும் அவ்வுயிரே முதுமையுற்று, மூட்டுகள் இறுகி, எழுந்து நிற்க இயலாது நம் எதிரே கிடக்குமாயின், இல்லறத்தாராகிய நம் கடமை யாது? இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்த இடம் சூலக்கரை.

அருப்புக்கோட்டைப் பகுதியில் கோவிலாங்குளத்துத் தீர்த்தங்கரர் திருமேனிகளைத் தரிசித்து விருதுநகர் திரும்பிய நாம், அடுத்துள்ள சூலக்கரையில் அன்பர் ஒருவர் இல்லத்தில் தங்கினோம். பக்கத்துக் கொட்டகையில் இருபத்தைந்து வயதைக் கடந்த குதிரை ஒன்று கட்டப்பட்டிருந்தது. முன்னாளில் வண்டியிழுத்து, பின்னர்த் திருமண ஊர்வலங்களுக்குச் சென்று, இப்போது பயனற்றதென ஒதுக்கப்பட்ட குதிரை அது. காலையில் எழ மூன்று நான்கு முறை முயன்று, எழுந்தபின் மரக்கால் வைத்தாற்போல் நடந்தது. உடையவர் இரக்கமற்றவர் அல்லர். ஓய்வு தருவதாக எண்ணியே நாள் முழுதும் கட்டி வைத்திருந்தார். மூட்டில் சூடு போடுமாறு சிலர் கூறியதால் அதற்கும் ஆயத்தமாக இருந்தார்.

இல்லறத்தாரின் முதல் அணுவிரதமாகிய கொல்லாமைக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்திற்கு மாசு உண்டாக்கும் குற்றங்களை, தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் தொகுத்துரைக்கிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றை நாம் விலக்கவேண்டிய பட்டியலாக மட்டும் மனப்பாடம் செய்கிறோம். முதிய குதிரையின் முன் நின்று எண்ணிப் பார்த்தால், இவ்வைந்தே அதற்குரிய மருத்துவ விதிகளாகவும் அமைவதைக் காணலாம்.

1. கட்டுதல்: எலும்புகள் கூடுமிடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியுள்ளது. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு மடங்கி நீளும்போது மூட்டுநீர் அதனுள் அழுந்தியும் வெளிப்பட்டும் ஊட்டம் அளிக்கிறது. ஆகவே அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டாகும். முதுமையில் குருத்தெலும்பு தேய்ந்த குதிரையைக் கட்டியே வைத்தால் இறுக்கம் மிகும். காலையும் மாலையும் வெயில் தணிந்த வேளையில், மென்மையான மண் தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்துப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நேராக நடத்துதல் வேண்டும். எஞ்சிய நேரம் வேலியிட்ட இடத்தில் தானே உலவ விடுதல் நன்று. கொட்டகையின் சிமெண்டுத் தரைமேல் மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்பினால், படுக்கவும் எழவும் எளிதாகும்.

2. அடித்தல்: நடக்கத் தாமதிக்கும் குதிரையைச் சாட்டையால் விரைவித்தல் மட்டுமன்று, வாலைப் பற்றித் தூக்குதலும், சிறு வட்டத்தில் சுழற்றுதலும் வலியைப் பெருக்குவனவே. முதற் பத்தடி அதன் விருப்பப்படி வைக்கட்டும். சிறிது நடந்தபின் இறுக்கம் தளர்வது மூட்டுத் தேய்மானத்தின் இயல்பு. மாறாக, நடக்க நடக்க நொண்டல் மிகுந்தாலோ, மூட்டு வீங்கிச் சுட்டாலோ, குளம்புகள் சூடேறிக் குதிரை பின்சாய்ந்து நின்றாலோ, நடத்தலை உடனே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். அது வேறு நோயாக இருக்கக்கூடும்.

3. உறுப்பைச் சிதைத்தல்: பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மூட்டில் சூடு போடும் வழக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. தோல் வெந்து வடு உண்டாகுமேயன்றித் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் மீளாது. சூடு தர விரும்புவோர் கைபொறுக்கும் வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடம் இடுக. புதிதாக வீங்கிய மூட்டுக்குக் குளிர்நீரே ஏற்றது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடக்காரரைக் கொண்டு குளம்பைச் சீவுதல் இக்குற்றத்துள் அடங்காது. நீண்ட குளம்பு ஒவ்வோர் அடியிலும் மூட்டை இழுத்து வருத்தும். அதனை நீக்குதல் உபகாரமேயாம். கருவி ஒன்றேயாயினும் கருத்து வேறு என்பதே நம் அறநூற் கொள்கை.

4. மிகுபாரம்: முதிய குதிரைக்கு ஒரு சிறுவனும் மிகுபாரமாகலாம். பாரம் ஏற்றாதபோதும் அதன் சொந்தக் கொழுப்பே பாரமாதல் உண்டு. விலாவெலும்பு கண்ணுக்குத் தோன்றாமல், கைக்குத் தட்டுப்படும் அளவே உடல் இருத்தல் நலம். முதுமையாலோ நோயாலோ தகுதியற்ற விலங்கை வேலை வாங்குதல் 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வேலைக்குத் தக்க விலங்கையும், வெப்பம் 37 டிகிரியைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டலாகாதென 1965 ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன. விருதுநகர்க் கோடையை அறிந்தோர் இவ்விதியின் அருமையை உணர்வர்.

5. உணவும் நீரும் மறுத்தல்: தீனி வைத்தும் மறுத்தவராகலாம். பல் தேய்ந்த குதிரைக்கு முரட்டுத் தட்டையை வைத்தலும், குனிய இயலாததற்குத் தொட்டியைத் தாழ வைத்தலும் அத்தகையன. பசும்புல்லையும் உலர்புல்லையும் நறுக்கியிடுக. கொள்ளை நன்கு ஊறவைத்து அளவோடு தருக. ஆண்டிற்கொருமுறை பல்லைச் சோதித்துக் கூர்முனைகளை மருத்துவரைக் கொண்டு அராவுக. குதிரை நாளொன்றுக்கு முப்பது லிட்டர் அளவும், கோடையில் அதனினும் மிகுதியாகவும் நீர் பருகும். இரவுணவு துறத்தல் விரதம் பூண்ட நமக்குரியது. இரவிலும் சிறிது சிறிதாக மேயும் இயல்புடைய குதிரைக்குப் புல்லை மறுத்தல் விரதமாகாது.

வலி மிகுந்தபோது மருந்து தேவை. ஆயின் அதனை மருத்துவரே அளவிட்டுத் தருதல் வேண்டும். குதிரைகளுக்குத் தரப்படும் பினைல்பியூட்டசோன் அளவு கடந்தால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கேடும் விளைக்கும். நீர் குறைந்தால் தீங்கு மிகும். மற்றொன்றும் கருதத்தக்கது. கால்நடைகளின் வலிக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக், அவை இறந்தபின் அவ்வுடலை உண்ட பிணந்தின்னிக் கழுகுகளைப் பெருந்தொகையாக மாய்த்தது. எனவே 2006 இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. 2023 இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியனவும் தடைசெய்யப்பட்டன. மெலாக்சிகாம் அக்கழுகுகளுக்குத் தீங்கற்றதெனக் கண்டறியப்பட்டுள்ளது. ஓருயிரின் நோவு தணிக்க மற்றோருயிரைப் பலியிடாத மருந்தைக் கேட்டுப் பெறுதலும் அகிம்சையே. அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை நாடுக. நடக்கவியலா விலங்கிற்கு 1962 என்னும் எண்ணில் அழைத்து உதவி பெறலாம்.

சிவகாசி வட்டாரத்துக்கு அணித்தாக நின்று சிந்தித்தபோது இன்னொன்றும் தோன்றியது. தீபாவளி நமக்கு மகாவீரர் நிர்வாணம் எய்திய புனித நாள். வெடியோசைக்கு வெருண்டு துள்ளும் முதிய குதிரை வழுக்கி விழுந்தால், ஓராண்டுப் பராமரிப்பும் ஒரு நொடியில் வீணாகும். பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் எளிய குடும்பங்களை நாம் இகழவில்லை. விலங்குகள் நிற்கும் கொட்டகையின் அருகே வெடியாதிருத்தல் எவர்க்கும் இயலும். அந்நாளில் தீப வரிசையே நம் வழிபாடாகட்டும்.

சூலக்கரைப் பெரியவரிடம் இவற்றை எடுத்துரைத்தோம். சூடு போடும் எண்ணத்தை அன்றே கைவிட்டார். மருத்துவரை அழைத்துக் காட்டினார், மணல் கொட்டினார், காலை மாலை தாமே உடன் நடந்தார். சில திங்கள் கழிந்து அவரிடமிருந்து செய்தி வந்தது. குதிரை இளமை எய்திவிடவில்லை. இப்போதும் எழத் தாமதிக்கிறது. ஆயினும் முதல் முயற்சியிலேயே எழுகிறது. அதனுடன் நடப்பதால் தம் முழங்காலும் சற்று இளகியுள்ளதாகத் தெரிவித்திருந்தார்.

நமக்கு உழைத்த உயிர்க்கு நாம் பட்ட கடன், அதன் உழைப்பு நின்ற நாளில் தொடங்குகிறது. நம் ஊர்களில் வண்டிமாடு, கறவைப்பசு, காவல்நாய் என முதிர்ந்த உயிர் எதுவாயினும், அதன் அருகே சென்று ஐந்து அதிசாரங்களையும் ஒருமுறை கூறிப் பார்ப்போமாக. எங்கே குற்றம் நிகழ்கிறதோ, அங்கேயே மருந்தும் இருக்கும்.

வாழ்க கொல்லாமை அறம்!