இல்லத்துப் பணப்பை

இல்லறம் இருவர் கூடி நடத்துவது. ஆயினும் அதன் வரவு செலவில் எவர் சொல் செல்லும் என்பதை நாம் ஆராய்வது அரிது. பணம் எவர் கையிலிருப்பினும் குடும்பத்திற்கே ஆகும் என்பது பலர் கொள்கை. அஃது எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தால் அறிய முயல்வோம்.

முற்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, மணமான மாது உழைத்துப் பெற்ற கூலியும் கணவனுக்கே உரியதாயிருந்தது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கூலியை அவளுக்கே உரியதாக்கிற்று. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெயரில் சொத்து வைத்தாளும் உரிமையை அளித்தது. எனினும், சொந்த வருவாய் இல்லாத மனைவியின் நிலை யாது? கணவன் வீட்டுச் செலவுக்குக் கொடுத்த தொகையிலிருந்து ஒரு மாது சிக்கனமாய் மீத்த பணம் கணவனையே சாரும் என்று 1943-இல் அப்பீல் நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. மீத்தவளின் முயற்சிக்கு மதிப்பில்லை. அத்தகைய சேமிப்பு இருவர்க்கும் சமபாகம் என்று சட்டம் ஏற்பட்டது 1964-இலேயாம்.

இதனிடையே 1945-இல், முதற்குழந்தை நீங்கலாக ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் உதவித்தொகை அளிக்க மசோதா வந்தது. அத்தொகை தந்தைக்கு உரியதென முதலில் எழுதப்பட்டிருந்தது. பார்லிமெண்டு அங்கத்தினராகிய எலினார் ராத்போன் அம்மையார், அது தாயையே சேரவேண்டுமென வாதாடி வென்றார். தந்தையர்க்கு வரியில் கிடைத்துவந்த குழந்தைக் கழிவும் 1977 முதல் படிப்படியாக நீங்கி, தாயர் கையில் தரும் தொகையாக மாறிற்று. இம்மாறுதலை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் மூவர், ஆடவர் உடைச்செலவை நோக்க மாதர், குழந்தைகள் உடைச்செலவு உயர்ந்ததென 1997-இல் வெளியிட்டனர். பெறும் கை மாறவே செலவின் போக்கும் மாறிற்று.

நம் தமிழ்நாட்டிலும் 2023-இல், குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை அளிக்கும் திட்டம் தொடங்கிற்று. ஆயினும் பணம் பெறுதல் வேறு, அதனைப்பற்றி முடிவு செய்தல் வேறு. தன் பெயரால் வரும் பணத்தை அப்படியே பிறரிடம் ஒப்புவிப்பவள் உரிமை பெற்றவளாகாள்; கணவனது சம்பளம் இவ்வளவென்று அறியாதவளும் அவ்வாறே.

நாளை இல்லறம் ஏற்கவிருக்கும் மாணவ மாணவியர் மூன்றினை மனத்திற் கொள்வாராக. வரவும் கடனும் இருவரும் அறிந்திருத்தல் வேண்டும். பெருஞ்செலவு இருவர் இசைவாலேயே நடத்தல் வேண்டும். சிறு தொகையேனும் கணக்குக் கேளாது செலவிட இருவர்க்கும் உரிமை வேண்டும். இவை வாய்த்த இல்லத்தில் பணப்பை எவர் கையிலிருப்பினும் அது பொதுவேயாகும்.